ஒரு படத்தின் குறை எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

திரைப்படங்களைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அவற்றில் குறிப்பிட்டிருந்த பல படங்களைத் தேடிப் பார்த்தும் இருக்கிறேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. படம் முடிந்ததும் நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து, நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் நிறைகளையும் வலப்பக்கம் குறைகளையும் எழுதி, கூட்டிக் கழித்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுவிடுவேன். அந்த மதிப்பெண்களும் உங்கள் பாராட்டும் பல படங்களில் ஒத்துப்போவதில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘இகிரு’ என்னை உலுக்கிய படம். ஆனால் கதாநாயகர் இறந்த பிறகு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் அலுவலக ஊழியர்கள் உட்கார்ந்து குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். பனியில் அவர் ஊஞ்சலாடும் காட்சிக்குக் கண்ணீர் விட்டேன். அந்தப் பேச்சையெல்லாம் வெட்டிவிட்டு அந்தக் காட்சியோடு படத்தை முடித்திருக்கலாம். கொலை வழக்கொன்றில் முடிவு சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகளின் விவாதமான ‘12 ஆங்ரி மென்’ வசனத்தால் மட்டுமே நிற்கிறது. ஒரே அறையில் நடப்பதால் மேடை நாடகத்தைப் படம்பிடித்ததுபோல் இருக்கிறது. ஜூரிகளில் ஒருவர் தாமே போய்க் கத்தி வாங்கி வருவது சட்டப்படி செல்லாது என்று வழக்கறிஞரான என் நண்பர் சொன்னார். ‘சைக்கோ’வின் கடைசியில் மனநல மருத்துவர் பாடம் நடத்துகிறார். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தில் அத்தனை பெரிய நகரத்தில் திருடன் கண்ணெதிரே வந்து நிற்பது நம்பும்படி இல்லை. ‘சிட்டிசன் கேன்’ படத்தில் சாகும் தறுவாயில் கேன் சொல்லும் சொல்லைக் கேட்பதற்கு அந்த அறையில் யாருமே இல்லை. அப்படியிருக்க, அதை வைத்து ஒரு முழுப்படமா?

இன்னொன்று. தமிழில் ‘வீடு’, ‘உதிரிப்பூக்கள்’ போன்ற படங்களை நீங்கள் குறையே இல்லாதவைபோல் எழுதுகிறீர்கள். ‘வீடு’ படத்தின் முடிவு வலிந்து திணித்தது என்றும், ‘உதிரிப்பூக்கள்’ முடிவில் வரும் பேச்சு தேவையற்றது என்றும் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பார்வையில் குறையே இல்லாத படம் என்று ஒன்று உண்டா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பிடித்தது, பெரும்பெயர் பெற்ற படங்களைக் கண்டு நீங்கள் மிரளாமல் இருப்பது. செவ்வியல் படம் என்று சொல்லப்பட்டுவிட்டால் அதில் உள்ளதெல்லாம் இயக்குநரின் மேதைமை என்று கும்பிட்டு ஒதுங்கும் பழக்கம் நம் திரைவிமர்சனத்தில் வேரூன்றிப்போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தைவிட உங்கள் நோட்டுப்புத்தகம் எவ்வளவோ மேல். ஆனால் நடுவே நீங்கள் கிழிக்கும் அந்தக் கோட்டோடுதான் எனக்கு வழக்கு. நிறையும் குறையும் இரு பக்கங்களிலும் தனித்தனியே நிற்கும் என்றும், ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைக் கழித்துவிடலாம் என்றும் அந்தக் கோடு முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது.

நான் செய்வது வேறொன்று. குறை என்று தோன்றும் பகுதியை மனதுக்குள் படத்திலிருந்து எடுத்துவிட்டு, மீதி என்ன ஆகிறது என்று பார்ப்பேன். படம் இன்னும் நிமிர்ந்து நின்றால் அது குறைதான், இயக்குநர் எவராக இருந்தாலும் சரி. படத்தில் நாம் போற்றிய வேறொன்றும் சேர்ந்து சரிந்தால், நாம் குறை என்று எழுதியது உண்மையில் நமக்குச் சலிப்பூட்டிய, ஆனால் பாரம் தாங்குகிற ஒரு பகுதி. அந்தச் சலிப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அது நமக்கு நேர்ந்ததுதான், ஆனால் அதற்கான காரணம் படத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

‘இகிரு’வை இப்படிப் பார்ப்போம். 1952இல் வந்த இந்தப் படம் 143 நிமிடம் ஓடுகிறது. நகராட்சி அலுவலகத்தில் ஒரு பிரிவின் தலைவரான வாதனாபே தமக்கு வயிற்றுப் புற்றுநோய் என்று தெரிந்துகொள்கிறார். எங்கெங்கோ அலைந்து தவித்த பின், கழிவுநீர் தேங்கிக் கிடக்கும் ஓரிடத்தைப் பூங்காவாக்கக் கோரித் தாய்மார்கள் கொடுத்த மனுவைக் கையில் எடுக்கிறார். அவர் அலுவலகத்தைவிட்டு விரைந்து வெளியேறுகிறார். அடுத்த காட்சியில் அவர் சட்டமிட்ட படமாகிவிடுகிறார். ஐந்து மாதங்களுக்குப் பின் அவர் இறந்துபோனார் என்று கதைசொல்லியின் குரல் அறிவிக்கிறது. அந்த ஐந்து மாதங்களில் அவர் செய்தது அத்தனையும், அவருடைய இழவு வீட்டில் அமர்ந்து குடித்துக்கொண்டிருக்கும் சக ஊழியர்களின் நினைவிலிருந்து துண்டு துண்டாகத்தான் நமக்குக் கிடைக்கிறது.

இப்போது அந்தப் பேச்சை வெட்டுங்கள். நீங்கள் கண்ணீர் விட்ட ஊஞ்சல் காட்சியும் அதோடு போய்விடும், ஏனென்றால் அது வருவதே இழவு வீட்டுக் காட்சிக்குள்தான். பூங்காவில் கிடந்த வாதனாபேயின் தொப்பியை ஒரு காவலர் அங்கே கொண்டுவருகிறார். முந்தைய இரவு பனியில் ஊஞ்சலில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவரைக் குடிகாரர் என்று எண்ணித் தாம் கடந்துபோனதாகத் தயக்கத்தோடு சொல்கிறார். அந்தச் சொல்லின் வழியாகத்தான் ஊஞ்சல் திரைக்கு வருகிறது. அதுவரை அந்த அறையில் என்ன நடந்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். துணை மேயர் பூங்காவின் பெருமையைத் தமதாக்கிக்கொண்டு பேசுகிறார். ஊழியர்கள் ஆமாம் போடுகிறார்கள். நடுவில் அந்தப் பகுதித் தாய்மார்கள் வந்து படத்தின் முன் அமர்ந்து அழுதுவிட்டுப் போகிறார்கள். அந்த அழுகையின் முன் துணை மேயரால் இருக்க முடியவில்லை, எழுந்து போய்விடுகிறார். அதன் பிறகே ஊழியர்களின் நாக்கு அவிழ்கிறது. குடி ஏற ஏற உண்மை கொஞ்சம் கொஞ்சமாக வெளிவருகிறது, கூடவே போலிச் சூளுரையும். நாங்களும் இனி அவரைப்போல் உழைப்போம் என்று கூவுகிறார்கள். மறுநாள் அலுவலகத்தில் மனுக்கள் பழையபடியே ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குத் தள்ளிவிடப்படுகின்றன. ஒருவர் மட்டும் பொறுக்க முடியாமல் நாற்காலியை உதறி எழுகிறார். எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள். அவர் மெல்ல உட்கார, மேசைமேல் குவிந்திருக்கும் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் அவர் முகம் மறைந்துபோகிறது.

நீங்கள் கேட்கும் வடிவத்தில், அதாவது வாதனாபே போராடுவதை வரிசையாகக் காட்டி ஊஞ்சலில் முடித்திருந்தால், மனம் நெகிழவைக்கும் ஒரு வெற்றிக்கதை கிடைத்திருக்கும். ஒருவர் தம் வாழ்க்கைக்குப் பொருள் தேடிக்கொண்டார் என்பது மட்டுமல்ல இந்தப் படம். அதைக் கண்ணால் கண்டவர்களும் மறுநாளே மறந்துபோனார்கள் என்பதும்தான். அந்த இரண்டாவது பாதியைச் சொல்லும் இடத்தைத்தான் நீங்கள் வெட்டச் சொல்கிறீர்கள். உங்கள் நோட்டில் வலப்பக்கம் இருப்பதை அடித்தால் இடப்பக்கமும் சேர்ந்து அழிகிறது.

அதற்காக ‘இகிரு’வில் குறையே இல்லை என்பதில்லை. வாதனாபே ஓர் எழுத்தாளரோடு இரவு முழுவதும் சூதாட்டக் கூடம், மதுக்கூடம், நடனக் கூடம் என்று சுற்றும் பகுதி நீளம். மதுக்கூடத்தில் அவர் கண்ணிமைக்காமல் பாடும் இடம் ஒன்றுக்காகவே அந்தச் சுற்றல் எல்லாம், அதைப் பாதி நேரத்தில் எட்டியிருக்கலாம். பூங்காவைப் பற்றிய எண்ணம் உதித்து அவர் படியிறங்கி ஓடும்போது, எதிரே படியேறி வரும் வேறொரு பெண்ணுக்காக இளைஞர்கள் பிறந்தநாள் பாட்டுப் பாடுகிறார்கள். அவர் மறுபடி பிறந்துவிட்டார் என்பதைப் பார்வையாளரின் விலாவில் குத்திச் சொல்கிறது அது. அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வாதனாபேயாக நடித்த ஷிமுராவின் முகமே போதும். நான் குறை என்று எழுதுவதாக இருந்தால் இதைத்தான் எழுதுவேன்.

‘12 ஆங்ரி மென்’ பற்றி உங்கள் நண்பர் சொன்னது சரி. சாட்சியமாக நீதிமன்றத்தில் வைக்கப்படாத ஒரு பொருளை ஜூரி ஒருவர் தாமே தேடி வாங்கி வந்து விவாதத்தில் போடக் கூடாது. இருந்தும், ஊரில் இதுபோல் வேறு கத்தியே இல்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் அறையில், அதே அச்சில் இன்னொரு கத்தி மேசையில் குத்தி நிற்கிற கணத்தில்தான் அந்தப் படம் திரும்புகிறது. அதைப் பிடுங்கிவிட்டால் முதல் திருப்பமே இல்லை. சட்டக் கல்லூரிப் பாடமாக இந்தப் படத்தைக் காட்டினால் அது பிழை. கதைக்குள் அது செல்லுபடியாகும்.

நாடகத்தைப் படம்பிடித்ததுபோல் இருக்கிறது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் படம் 1954இல் தொலைக்காட்சி நாடகமாக வந்து, 1957இல் சிட்னி லூமெட்டின் முதல் திரைப்படமாக எடுக்கப்பட்டது. 96 நிமிடத்தில் சில நிமிடங்கள் தவிர மற்றதெல்லாம் அந்த அறைக்குள்தான். இத்தனை நேரம் நான்கு சுவருக்குள் இருந்தும் ஏன் நமக்கு மூச்சு முட்டுகிறது, அதுவும் போகப் போக ஏன் அதிகமாக முட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள். லூமெட்டும் ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மனும் திட்டமிட்டு ஒன்றைச் செய்திருக்கிறார்கள். படத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கில் கேமரா கண்மட்டத்துக்கு மேலிருந்து பார்க்கிறது. நடுப்பகுதியில் கண்மட்டத்துக்கு இறங்குகிறது. கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே போய் நிமிர்ந்து பார்க்கிறது. அதனால் தொடக்கத்தில் தெரியாத கூரை பின்னால் சட்டகத்துக்குள் வந்து தலைமேல் அழுத்துகிறது. கூடவே லென்ஸின் குவியத் தூரத்தையும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். சுவர்கள் முதுகில் வந்து ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது. எந்த மேடையாலும் இதைச் செய்ய முடியாது. வசனம் நம் கவனத்தை முழுவதும் பிடித்துக்கொள்வதால் இந்த வேலை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டு ஒரு பத்து நிமிடம் பாருங்கள்.

இந்தப் படத்தின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. கடைசிவரை பிடிவாதம் பிடிக்கும் மூன்றாம் ஜூரி, தம் மகனோடு இருக்கும் புகைப்படத்தைக் கிழித்துவிட்டு உடைந்து அழுகிறார். பிள்ளைமேல் இருந்த கோபத்தைத்தான் குற்றம் சாட்டப்பட்ட பையன்மேல் காட்டினார் என்று விளங்கிவிடுகிறது. லீ ஜே. காப் அதை அபாரமாக நடித்திருக்கிறார், அதனாலேயே அந்தக் காட்சியிலுள்ள சௌகரியம் நம் கண்ணில் படுவதில்லை. தர்க்கத்தால் மனிதர்களை மாற்ற முடியும் என்று அதுவரை வாதிட்டுவந்த படம், கடைசி ஆளை மட்டும் தர்க்கத்தால் மாற்ற முடியாமல், சொந்தக் காயம் ஒன்றைக் கண்டுபிடித்து அவிழ்த்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. மற்றவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு சாய்வும் சிறுமையும் கொடுத்த திரைக்கதை, ஹென்றி ஃபோண்டா ஏற்ற எட்டாம் ஜூரிக்கு அப்படி ஒன்றையும் கொடுக்கவில்லை. அவருடைய கோட்டின் நிறம்கூட வெளிர். அவரிடம் ஒரு சிறு தற்பெருமையாவது இருந்திருந்தால் படம் இன்னும் ஒரு படி உயர்ந்திருக்கும்.

‘சைக்கோ’ விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். இயக்குநர் ஹிட்ச்காக் வேண்டுமென்றே மருத்துவரைக் கேலி செய்கிறார் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சப்பைக்கட்டாகவே படுகிறது. 1960ஆம் ஆண்டின் பார்வையாளர் குழம்பிவிடக் கூடாது என்ற அச்சத்தில் வைக்கப்பட்ட விளக்கவுரை அது. அடுத்த காட்சியே அதை வீணாக்கிவிடுகிறது. போர்வை போர்த்திச் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் கொலைகாரன் நார்மன், கையில் அமரும் ஈ, மனதுக்குள் ஒலிக்கும் தாயின் குரல் என்று மருத்துவர் சொன்னதைவிட அதிகமாகவே அங்கே தெரிந்துவிடுகிறது. ஆனால் இதே படத்தில், கதாநாயகி என்று நாம் நம்பிய பெண்ணைப் பாதிக்கு முன்பே கொன்றுவிடுவதை யாராவது குறை என்று எழுதினால் ஏற்க மாட்டேன். அந்தக் கொலைக்குப் பிறகு அவளுடைய காரைச் சதுப்பு நிலத்தில் தள்ளிவிட்டு, எதையோ மென்றபடி நார்மன் பார்த்துக்கொண்டிருக்கிறான். பாதி மூழ்கிய கார் சட்டென்று நின்றுவிடுகிறது. அவன் வாய் அசைவதை நிறுத்துகிறது. நம் மூச்சும் நின்றுவிடுகிறது. கார் மறுபடி இறங்கும்போது வருகிற நிம்மதி நமக்கும் சேர்த்துத்தான். சற்று முன்பு வரை அவளுக்காகப் பதறியவர்கள் நாம்! சாகவேண்டிய நேரத்துக்கு முன்பே அவள் செத்ததால்தான் இது சாத்தியமாகிறது.

தற்செயல்களைப் பற்றி நான் வைத்திருக்கும் விதி எளியது. தற்செயல் கதாபாத்திரத்தைச் சிக்கலில் இருந்து காப்பாற்றினால் அது எழுத்தாளரின் சோம்பல். சிக்கலை இறுக்கினால் பெரும்பாலும் மன்னித்துவிடலாம். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தில் குறி சொல்லும் பெண்ணின் வீட்டிலிருந்து வெளியே வந்ததும், வேலைக்கு வேண்டிய சைக்கிளைத் திருட்டுக் கொடுத்துத் தேடி அலையும் அந்தோனியோவின் கண்ணில் திருடன் படுகிறான். ஆம், தற்செயல்தான். ஆனால் அதனால் அவனுக்குச் சைக்கிள் கிடைக்கவில்லை. திருடனின் தெருவே திரண்டு எதிர்த்து நிற்கிறது, கையில் சாட்சி இல்லை, திருடனும் தன்னைப்போல ஒரு வறியவன் என்பது வேறு தெரிந்துவிடுகிறது. திருடன் அகப்படாமலே இருந்திருந்தால் அவனிடம் நம்பிக்கையாவது மிஞ்சியிருக்கும். பிற்பாடு அவன் தானே ஒரு சைக்கிளைத் திருடத் துணிகிற இடத்துக்கு அவனைத் தள்ளுவது, தேடியது கிடைத்தும் கிடைக்காமல் போன இந்தச் சந்திப்புதான். நான் அந்தப் படத்தில் குறை என்று சொல்வது பின்னணி இசையை. தொழில்முறை நடிகர்கள் அல்லாதவர்களை வைத்து, தெருவின் வெளிச்சத்தில், இவ்வளவு வறண்ட கண்ணோடு எடுக்கப்பட்ட படத்துக்கு அத்தனை உருக்கமான வயலின் தேவையே இல்லை. சிறுவன் புரூனோ தந்தையை அண்ணாந்து பார்க்கும் ஒரு பார்வை செய்வதை அந்த இசையால் கூட்டவும் முடியவில்லை, நல்லவேளையாகக் குறைக்கவும் முடியவில்லை.

‘சிட்டிசன் கேன்’ ஓட்டை உண்மைதான். கேன் உயிர்விட்ட பிறகே செவிலி கதவைத் திறந்து உள்ளே வருகிறாள். பின்னால் பட்லர் தாம் அதைக் கேட்டதாகச் சொல்லிக்கொள்கிறார், காட்சியில் அவர் தெரிவதில்லை. இதை வைத்து மதிப்பெண் குறைப்பது கணக்குப்பிள்ளை வேலை. மேலே போவோம்.

தமிழ்ப் படங்களின் குறைகளைச் சொல்வதில்லை என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நல்ல படங்கள் அரிதாக வரும்போது அவற்றைக் காப்பாற்றிவைக்கும் பதற்றத்தில் குறைகளை அடக்கி வாசிக்கிறோம். அந்தப் படங்களுக்கு அது நல்லதல்ல, அவற்றைப் பார்த்துக் கற்க நினைக்கும் அடுத்த இயக்குநருக்கும் நல்லதல்ல.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988இல் வந்தது. பாடல்கள் கிடையாது. நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஒரு வீடு கட்டத் தொடங்குகிறாள், அவ்வளவுதான் கதை. அதன் பலம் எல்லாம் சிறு இழப்புகள் சேர்ந்துகொண்டே போவதில் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் சிமெண்ட்டில் கைவைக்கிறார். சித்தாள் மங்கம்மா அதை அம்பலப்படுத்துகிறாள். கடன், அனுமதி, மழை என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெண்ணை அரிக்கிறது. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, முடியாத அந்த வீட்டுக்குத் தனியாக வந்து சுவர்களைத் தடவிப் பார்த்து நடக்கும் நீண்ட காட்சியில் பேச்சே இல்லை, இளையராஜாவின் இசை மட்டும்தான். தமிழ் சினிமாவில் நான் மிக உயர்வாக வைக்கும் காட்சிகளில் அது ஒன்று. இப்படி அணு அணுவாக வளர்ந்த படம், கடைசியில் குடிநீர் வாரியம் அந்த நிலத்தைக் கையகப்படுத்தியிருக்கிறது என்ற ஒற்றை அறிவிப்பில் மொத்தமாகச் சாய்கிறது. நடக்கக்கூடியதுதான், தினம் நடப்பதுதான். ஆனாலும் சிறிய கைகள் பல சேர்ந்து செய்துவந்த வேலையைப் பெரிய கை ஒன்று வந்து பறித்துக்கொள்வதுபோல் இருக்கிறது. அந்த முடிவை எடுத்துப் பார்த்தால் படம் சாயவில்லை. வீடு ஒருவழியாகக் கட்டி முடிக்கப்பட்டு, அதற்காக இழந்தவை மட்டும் மிஞ்சியிருந்தால் இன்னும் கடுமையாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மறுபுறம், அரசு என்ற பெரிய இயந்திரம் அந்தப் படத்தில் முழு உருவத்தோடு வருவது அங்கேதான் என்பதால் அதை வெறும் திணிப்பு என்று தள்ளவும் எனக்கு மனமில்லை. இந்த இடத்தில் உங்கள் பக்கம் பாதி வழி வருகிறேன்.

‘உதிரிப்பூக்கள்’ விஷயத்தில் வர மாட்டேன். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ குறுநாவலிலிருந்து உந்துதல் பெற்று மகேந்திரன் 1979இல் எடுத்த படம் அது. விஜயன் நடித்த சுந்தரவடிவேலு குரலை உயர்த்தாமல் கொடுமை செய்கிறவன். ஊர் கூடி அவனை ஆற்றில் இறங்கச் சொல்லும்போது, தான் செய்ததிலேயே பெரிய தவறு உங்கள் எல்லோரையும் என்னைப்போல் ஆக்கியதுதான் என்ற பொருள்பட அவன் பேசுகிறான். படத்தின் சாரத்தை வசனத்தில் சொல்லிவிடுகிறது என்பது உங்கள் புகார். ‘சைக்கோ’ மருத்துவரின் பேச்சும் இதுவும் ஒன்றல்ல. மருத்துவர் நாம் பார்த்ததை விளக்குகிறார். சுந்தரவடிவேலுவோ நாம் பார்க்காமல் விட்டதைச் சொல்கிறான். அதுவரை அவன் ஒழிந்தால் போதும் என்று ஊரோடு சேர்ந்து நின்ற நம்மை, அந்தப் பேச்சு கரையில் நிற்கிறவர்களில் ஒருவராக்கிவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் ஒரு கெட்டவன் தண்டிக்கப்பட்டான் என்ற வழக்கமான முடிவுதான் மிஞ்சும். அதைச் சொல்வதும் அவன் திருந்திவிட்டதால் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைசி நொடியிலும் அவர்களை ஒரு கடி கடித்துவிட்டுத்தான் போகிறான்.

குறையே இல்லாத படம் எது என்று கேட்டிருந்தீர்கள். மிக நெருங்கி வருவது ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’. 1953இல் வந்தது. பிள்ளைகளைப் பார்க்க வரும் முதிய பெற்றோருக்கு யாரிடமும் நேரமில்லை. போரில் இறந்த மகனின் மனைவி நொரிகோ மட்டும் அன்பாக இருக்கிறாள். அதில் மூத்த மகள் ஷிகேயை ஒரே கெட்ட குணமாக வரைந்திருப்பது குறை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். தாய் சாகக் கிடக்கும் செய்தி கேட்டு ஊருக்குக் கிளம்பும்போதே துக்க உடையை எடுத்து வைத்துக்கொள்கிறவள் அவள். அடக்கம் முடிந்து சாப்பிட உட்கார்ந்த இடத்தில், அம்மாவின் உடைகளில் தனக்கு இன்னின்னது வேண்டும் என்று கேட்கிறவளும் அவள்தான். ஆனால் தாயின் படுக்கை அருகே விம்மி அழுகிறவளும் அவளே. அந்த அழுகை நடிப்பல்ல, உடை கேட்டதும் பேராசை மட்டுமல்ல. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு ஓசு ஒன்றுமே சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். கடைசி மகள் கியோகோ அக்காவின் சுயநலத்தைக் கண்டு கொதிக்கும்போது, எல்லோருக்கும் அவரவர் வாழ்க்கை என்று ஒன்று வந்துவிடுகிறது என்று நொரிகோ சொல்லும் பதில், நம் கொதிப்புக்கும் சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. ஆகவே ஷிகேயைக் குறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். மிஞ்சுவது அதன் இசை. சில இடங்களில் இனிப்பு கூடுதல். அதை எடுத்துவிட்டாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது என்பதால் அது குறைதான், வலப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பெண் மட்டும் போட வேண்டாம்.

அன்புடன்.